தளத்தில் ஊற்றிய தண்ணீர்

மாமல்லபுரம் கடற்கரையில் வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்று. அரசாங்க அதிகாரிகள் வந்து தங்குவார்கள். படுக்கை விரிப்பது, கழிப்பறை கழுவுவது, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது, ஒழுகினால் அடைப்பது எல்லாம் நானும் என் தங்கை புருஷனும்தான். இருவருமே தற்காலிகம். மழைக்காலம் முடிந்ததும் ஒருவரை நிரந்தரமாக்குவார்கள் என்று செங்கல்பட்டு ஆபீசிலிருந்து ஓவர்சியர் வந்து சொல்லியிருந்தார். காரை வேலை தெரிந்தவன் நான். அந்த வேலை எனக்குத்தான் என்று தெனாவெட்டாகத் திரிந்தேன்.

அந்த வருடம் மழைக்கு முன் மொட்டைமாடியைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பில் புதுத் தளம் போட்டேன். கட்டையால் தட்டித் தட்டித் தோள்பட்டை கழன்றுபோயிற்று. போட்டால் மட்டும் போதாது, பத்து நாளாவது காயவிடாமல் நல்ல தண்ணீர் ஊற்றவேண்டும். மூன்றாம் நாளே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

“நீ போயி படு மச்சான், நான் பாத்துக்கிறேன்” என்றான் தங்கை புருஷன்.

நல்ல தண்ணீர்க் கிணறு ஊர்க்கோடியில் இருந்தது. கடல் பங்களாவுக்குப் பின்னாலேயே இருந்தது.

தங்கைதான் தினமும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். குடம் தூக்கிய இடுப்பில் புடவை ஈரமாக இருக்கும். “நானும் சேந்துதான் ஊத்திகினு கீறேண்ணா, நீ தூங்கு” என்பாள். மகராசி என்று மனதார வாழ்த்தினேன்.

ஐப்பசி மழையில் பெரிய அறைக் கட்டிலின் மேலேயே ஒழுகியது. உதிர்ந்த காரையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அடுத்த நாள் ஓவர்சியரும் வந்து ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்.

“எவன்யா கடல் தண்ணிய ஊத்துனது?”

தங்கை புருஷன் தரையைப் பார்த்தான். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த என் தங்கை, துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள்.

“எங்கண்ணந்தான் சார். பத்து நாளும் அதான் ஊத்திகினு இருந்திச்சு.”

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். நான் காய்ச்சலில் கிடந்ததற்கு ஒரே சாட்சி அவள்தான்.

வேலை தங்கை புருஷனுக்குப் போயிற்று. அவனை அப்போதே தலைமுழுகிவிட்டேன், அது பெரிய விஷயமில்லை. தங்கையை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவளுக்கு இரண்டு குழந்தைகள், நானோ ஒண்டிக்கட்டை. வேலையை விட்டுக்கொடு அண்ணா என்று அந்தக் கஞ்சியைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கொடுத்திருப்பேன்.