ஆயிரத்தோடு நின்ற வகுத்தல்

லாரிக்காரர்களுக்கு அவள் எடைமேடை அக்கா. மேடையில் ஏறும் லாரியை எடைபோட்டுச் சீட்டு அடித்துக் கொடுப்பது வேலை. இரண்டு லாரிகளுக்கு நடுவில் வீணான சீட்டுகளின் முதுகில் வகுத்தல் போடுவாள். வகுக்கப்பட்டது அவளுடைய பணியாளர் எண்: 1022117. அது பகா எண்ணா, அதாவது தன்னையும் ஒன்றையும் தவிர எதற்கும் பிடிகொடுக்காத எண்ணா என்று தெரிய வேண்டும். கால்குலேட்டரைத் தொடமாட்டாள். ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க ஒன்றரை வருடம் ஆனது. ஒன்றுகூட மீதியில்லாமல் போகவில்லை.

அந்தச் சமயத்தில் நிறுவனம் எல்லோருடைய எண்ணையும் மாற்றியது. தக்க காரணம் எழுதித் தந்தால் பழையதையே வைத்துக்கொள்ளலாம். 'என்னுடையது பகா எண்' என்று எழுதினாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

இருபது கிலோ கூடினாலும் சண்டைக்கு வரும் மீசைக்கார டிரைவரிடம் இந்தப் பெருமையைச் சொன்னாள். ஆயிரத்தோடு ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்டார். ஒரு எண் இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிந்தால் சின்னது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது, அது ஏறக்குறைய ஆயிரம்தான் என்று விளக்கினாள்.

"ஆயிரத்தை ஆயிரத்தால பெருக்கினா பத்து லட்சம். மிச்சம் இருபத்திரண்டாயிரம் எங்கக்கா போச்சு? என் வண்டியில இவ்வளவு கூடினா விடுவீங்களா?"

அவளுக்கு முகம் சுருங்கியது. சரியாகப் போட்டுப் பார்த்தாள். வர்க்கமூலம் ஆயிரத்துப் பதினொன்றுக்குச் சற்றுக் கீழே. இடையில் விடுபட்ட பகா எண் ஒன்றே ஒன்று: 1009. வகுத்தாள். 1013 தடவை போனது. மீதி பூஜ்யம்.

வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்ளாதே, யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்றார் கணவர். பத்தொன்பது வருடம் சட்டையில் குத்திய எண், விட மனமில்லை. ஆனால் பொய்க் காரணத்தின் மேல் அதைக் குத்திக்கொள்ளவும் கை வரவில்லை. மறுநாள் காலையில் மேனேஜர் முன் போய் நின்றாள்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரியவே தெரியாதேக்கா" என்றார் அவர்.

"நம்பருக்குத் தெரியும்ல சார்."

காரணம் விழுந்துவிட்டதால் எண்ணும் போக வேண்டியதுதான் என்று வருத்தத்தோடு புதிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எட்டு இலக்கம், ஐந்தில் முடிந்தது. அவள் திருப்பித் தள்ளினாள்.

"இது பார்த்த உடனே வகுபட்டுடும். இதுல என்ன சார் இருக்கு? வேற குடுங்க."

அடுத்தது 20461373. அதை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து, வகுப்பதற்கு முன் வர்க்கமூலத்தைக் கடைசி இலக்கம் வரை போட்டாள்: நாலாயிரத்து ஐந்நூற்று இருபத்து மூன்று. அறுநூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள். போன வேகத்தில் போனால் ஐந்தரை வருடம் பிடிக்கும். ஓய்வு பெற ஆறு வருடம் இருந்தது. வெளியே ஹாரன் அடித்த லாரியை உற்சாகமாகக் கையசைத்து மேடைக்கு வரச் சொன்னாள்.