இந்திரா கேட்ட மருந்து

அஞ்சலையைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊர் காஜா பெராங்கில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஊர் வாய்க்கு என்ன தெரியும்? பொன்னுதுரை டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்தவள் நான். நான் சொல்வதைக் கேளுங்கள்.

அஞ்சலை பிறந்தது ரப்பர் தோட்டத்தில். பத்தொன்பது வயதில் தச்சு வேலை செய்த வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவன் செட்டி வீட்டுப் பிள்ளை, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து வேரூன்றிய தமிழ்க் குடி. அந்த வீட்டில் சாமியெல்லாம் நம் சாமி, பேச்சு முழுக்க மலாய். மாமியார் சந்திரமதியிடம் மலாய் பழகி, மிளகாய்ச் சம்பல் இடிக்கப் பழகி, ஒரு வருஷத்தில் இவளும் அந்த வீட்டுக்காரி ஆகிவிட்டாள். தமிழ் பேச ஆசை வந்தால் மட்டும் கிளினிக் பக்கம் வருவாள்.

"சும்மா வந்தேன்லா, மிஸ்ஸி."

வேலை நேரத்தில் என்ன சும்மா என்று எரிந்து விழுவேன். அவள் சிரித்துக்கொண்டு அங்கேயே நிற்பாள். என் வாய் அப்படி. நோயாளிகள் டாக்டருக்குப் பயப்படுவதைவிட எனக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, வெட்கக்கேடு.

ஒரே மகள் இந்திரா. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மெர்டேக்கா கொடி ஏறியபோது இரண்டு வயது, காய்ச்சலோடு தூக்கி வந்தபோது ஐந்து. அன்று திங்கட்கிழமை, பெஞ்சில் நாற்பது பேர். டாக்டர் நெற்றியைத் தொட்டார், தொண்டையைப் பார்த்தார், சாதாரணக் காய்ச்சல் என்றார். கழுத்து விறைத்திருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கவில்லை. நான் மூன்று நாளுக்குச் சிவப்புத் தண்ணி மருந்து கலக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் முழுக்கப் பிள்ளை மருந்தை வாந்தி எடுத்தது. "வேற மருந்து குடும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம். மூன்று நாள் மருந்து தீராமல் திரும்பப் போய் நின்றால் மிஸ்ஸி திட்டும் என்று அஞ்சலை காத்திருந்தாள். அந்த மிஸ்ஸி நான்தான். சாயங்காலம் பிள்ளை போய்விட்டது. மூளைக்காய்ச்சல்.

அதற்குப் பிறகு அவள் வாரம் மூன்று முறை வந்தாள். உடம்பு வலி, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. ஒருநாள் டாக்டரிடமே சொன்னாள்.

"கிணத்தடியில நிக்கிறா டாக்டர். பேச மாட்டேங்கிறா. கைய மட்டும் நீட்டுறா."

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சீட்டை எழுதினார். மனச்சோர்வுக்கென்று சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த மாத்திரை. அவள் வெளியே போனதும் நான் சும்மா இருக்கவில்லை.

"பிள்ள செத்த துக்கத்துக்கு மாத்திரையா டாக்டர்?"

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினா பேராக்கில இருக்கிற மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போடுவாங்கள். பிறகு ஊர் அவளைப் பைத்தியம் எண்டுதான் சொல்லும். இருந்து கதை கேக்க எனக்கு நேரமில்லை சாரதா. வேற என்ன செய்ய?"

நேரமில்லை என்பது பாதிப் பொய். அவள் எதிரில் அவரால் உட்கார முடியவில்லை. என்னாலும்தான் முடியவில்லை. அதனால் அவளிடம் மாத்திரையைக் கொடுக்கும்போது வழக்கத்துக்கு மாறாக இனிக்க இனிக்கப் பேசினேன். "இதுதான் இருக்கிறதிலேயே நல்ல மருந்து. மேல சர்க்கரை பூசியிருக்கு, கசக்காது" என்றேன்.

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. அவளோ இளைத்துக்கொண்டே போனாள்.

பொங்கலுக்கு முதல் நாள் செட்டி வீடுகளில் பர்ச்சு, செத்தவர்களுக்குப் படையல். ஒவ்வொருவருக்கும் ஒரு இலை போட்டு, அவரவர் ஆசைப்பட்டதை வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போன பிறகுதான் கதவு திறக்கும். இலையில் உள்ளதை வீட்டார் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அந்த வருஷம் அஞ்சலை என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

கதவு மூடுகிற நேரத்தில்தான் கடைசி இலையைப் பார்த்தேன். சின்ன இலை. சோறு, பொரித்த மீன், பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு குவியல். மூன்று மாதமாக என் கையால் எண்ணிக் கொடுத்த மாத்திரைகள்.

"அஞ்சலை, என்ன அது?"

"அவ வேற மருந்து கேட்டாள்ல, மிஸ்ஸி. நீங்கதானே சொன்னீங்க, இருக்கிறதிலேயே நல்ல மருந்துன்னு. ஒண்ணுகூட வாயில போடாம சேத்து வச்சேன்."

"அந்த இலையில யாரு சாப்பிடுவா?"

"பெத்தவ நான்தான். அவ தொட்டதை மிச்சம் வைக்க மாட்டேன்."

இத்தனை மாதத்தில் அவள் முகம் அன்றுதான் தெளிந்திருந்தது. அவ்வளவையும் விழுங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை நான் கேட்டதில்லை. பொறுத்திருந்து பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது? சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மாத்திரைகளை முந்தானையில் வாரிக் கட்டினேன்.

செத்தவர்களைப் பட்டினியாக விரட்டிவிட்டாளே என்று சந்திரமதி மலாயில் கத்தித் தீர்த்தாள். அஞ்சலை கத்தவில்லை.

"அவ வந்திருக்கா, மிஸ்ஸி. இந்தத் தடவையும் வெறுங்கையோட அனுப்பிட்டீங்க."

மறுநாள் முதல் அவள் தினமும் கிளினிக்குக்கு வந்து என் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலாயுதம் கையைப் பிடித்து அழைத்து வருவான். என்னோடு அவள் பேசவில்லை. மூன்றாம் வாரம் தூங்கினாள். ஐந்தாம் வாரம் பாசாருக்குப் போய் மீன் வாங்கினாள். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"இப்ப அவ வர்றதில்ல, மிஸ்ஸி."

பிழைத்துக்கொண்டாள் என்று எனக்கு நிம்மதி. அவள் மட்டும் சாலையைப் பார்த்து அழுதாள்.

அந்த வாரம்தான் எனக்கு ஆரம்பித்தது. சாயங்காலம் மருந்து அலமாரியைப் பூட்டும்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கை நீளும். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு டாக்டரிடம் போய்த் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். அதே மாத்திரை.

"ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா டாக்டர்?"

அவர் தலை நிமிரவில்லை.

"என்னத்தைக் கேக்க, சாரதா. நான் தீபாவளிக்கு முதலே இதைப் போடத் தொடங்கிட்டன்."