ஆணியில் தொங்கிய ஓ.டி.பி.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். நான், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சரோஜாக்கா, அவர் மகள் கஸ்தூரி. இல்லாதவர் ஒருவர்: கஸ்தூரியின் அண்ணன் பாண்டியன். டெம்போ டிராவலர் ஓட்டுகிறார். அன்று ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொங்கண் கடற்கரைப் பக்கம் போயிருந்தார்.

இருந்த மூன்று பேரால் ஒன்றும் ஆகவில்லை. இல்லாத ஒருவரிடம்தான் சாவி இருக்கிறது என்று நினைத்தோம்... அதுவும் தப்பு.

கோபம் இன்னும் ஆறவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புனேயின் போபோடி பகுதியில் நான் இருக்கும் மாடி அறை வழக்கமான வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். கீழே சரோஜாக்கா குடும்பம். ஆரணிப் பக்கத்துக்காரர்கள், புனேவுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. தமிழில் ஆரம்பித்து இந்தியில் வளைந்து மராத்தியில் முடிகிற வீடு. கஸ்தூரி பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம்.

அவளுக்குத் திங்கட்கிழமை ப்ராக்டிகல் டெஸ்ட். சொந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டு வரவேண்டும். புதன்கிழமை ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். வருடம் முழுக்கச் செய்த அந்த ப்ராஜெக்ட் விண்டோஸில் இருக்கிறது. ஆக, அதுவும் இருக்கவேண்டும், இதுவும் வேண்டும். ஒரே டிஸ்க்கைப் பாகம் பிரித்து இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். ஐ.டி.யில் இருக்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைக் கூப்பிட்டாள்.

"பேக்கப் எடுத்தியா?"

"எடுத்திருக்கேண்ணா... தீபாவளி லீவுல."

அப்போதே எழுந்து மாடிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வீட்டில் இருந்த ஒரே பென் டிரைவிலும் லினக்ஸை ஏற்றியாகிவிட்டது. நல்லபடியாகத்தானே முடியப்போகிறது என்று ஆரம்பித்தேன்.

இன்ஸ்டாலர் ஓடியது. பாகம் பிரிக்கும் திரை வந்தது. அதில் டிஸ்க்கே இல்லை! விண்டோஸ் இருக்கிறது, ப்ராஜெக்ட் இருக்கிறது, இதெல்லாம் உட்கார்ந்திருக்கும் டிஸ்க்கை மட்டும் காணோம் என்கிறது.

இது தெரிந்த வியாதிதான். சில லேப்டாப்களில் டிஸ்க்கை லினக்ஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு முறையில் அமைத்து அனுப்புகிறார்கள். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே வரும் பயாஸ் திரைக்குள் போய் ஒரு செட்டிங்கை மாற்றினால் தெரியும். எந்த இடம் என்று பார்க்க ஒரு வீடியோவைப் போட்டேன். "ரெண்டே நிமிஷம் நண்பர்களே!" என்றார் அந்த மகான். செட்டிங்கை மாற்றச் சொன்னார். கூடவே, "அந்த செக்யூரிட்டி சிப்பையும் கிளியர் பண்ணிடுங்க. யெஸ் குடுங்க. ஒண்ணும் ஆகாது."

யெஸ் கொடுத்தேன்.

டிஸ்க் தெரிந்தது. கஸ்தூரி கைதட்டினாள். அடுத்த நொடியே இன்ஸ்டாலர் சொன்னது: இந்த டிஸ்க் பூட்டியிருக்கிறது, விண்டோஸுக்குள் போய்ப் பூட்டை எடுத்துவிட்டு வா.

பூட்டா? யார் பூட்டியது? யாரும் பூட்டவில்லை. கடையில் வாங்கி இமெயில் போட்டு முதல்முறை திறந்தபோதே அது தானாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது. நாம் உள்ளே இருந்ததால் தெரியவில்லை. சரி, விண்டோஸுக்குப் போவோம் என்றால்... நீலத் திரை. பூட்டைத் திறக்கும் ரெகவரி கீயைக் கொடு. செட்டிங்கைப் பழையபடி மாற்றினேன். அப்படியும் நீலத் திரை. பூட்டைத் தானாகத் திறந்துகொண்டிருந்ததே அந்த சிப்தான். அதன் ஞாபகத்தைத்தான் நான் யெஸ் கொடுத்து அழித்திருந்தேன்.

கீ எங்கே? உங்கள் அக்கவுண்டில் இருக்கிறது என்றது திரை. யார் அக்கவுண்ட்?

"அண்ணனோடது" என்றாள் கஸ்தூரி.

பாண்டியனுக்கு ஃபோன் போட்டோம். நல்லவேளை, பாசஞ்சர்கள் ஒரு தாபாவில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆவலையா?"

"ஸ்டார்ட் ஆகுதுண்ணே. சாவி கேக்குது."

"லேப்டாப்புக்கு இன்னாய்யா சாவி? பிம்ப்ரியில நம்ம தோஸ்து கடை கீது. குடுத்தா ஒரு மணி நேரத்துல ஃபார்மட் பண்ணிக் குடுத்துடுவான்."

கஸ்தூரி ஃபோனைப் பிடுங்கினாள். "ஃபார்மட்டா? வண்டி ரிப்பேர்னா நீ இன்னா பண்ணுவ? பாசஞ்சரையெல்லாம் தூக்கி ரோட்ல போட்டுட்டு வண்டிய மட்டும் கழுவி எடுத்துனு வருவியா?"



எனக்கும் இதில் தீராத ஆத்திரம் உண்டு. எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் முதல் வார்த்தை ஃபார்மட். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தராவது கேட்கிறார்களா? ஒரு பெண்ணின் ஒரு வருட உழைப்பு இருக்கிறதே ஐயா! துடைத்துப் போட அது என்ன ஓட்டல் மேஜையா?

பாண்டியன் இறங்கி வந்தார். இமெயிலைச் சொன்னார். பாஸ்வேர்டைத் தாபாவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார் — அம்மா பெயரும் முதல் வண்டியின் நம்பரும். போட்டேன். ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது.

"வந்துச்சாண்ணே?"

"வரலியே."

"கடைசி ரெண்டு நம்பர் ஏழு, மூணு."



"அது என் நம்பர் இல்ல தம்பி. ஆபீஸ் நம்பர்."

"எந்த ஆபீஸ்டா?" என்றார் சரோஜாக்கா.

"டிராவல்ஸ் ஆபீஸ்மா. வேலைக்குச் சேரும்போது எங்கிட்ட ஏது ஃபோனு? அவங்களேதான் மெயில் போட்டுக் குடுத்தாங்க. அதையேதான் எல்லாத்துக்கும் குடுத்துனு வரேன். கேஸ் சிலிண்டரு, லைசன்ஸு, பி.எஃப்... கஸ்தூரி ஸ்காலர்ஷிப்புக்கும் அதான்."

"என் ஸ்காலர்ஷிப்புக்குமா?" என்றாள் கஸ்தூரி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மூன்று பேரும் கட்கியில் லோக்கல் ரயில் பிடித்து, அந்த ஆபீஸ் இருக்கும் சிஞ்ச்வட் போனோம். சரோஜாக்காவை வரவேண்டாம் என்றேன். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

டிராவல்ஸ் ஆபீஸ் என்பது ஒரு ஷட்டர் கடை. சாமி படம், மேஜை, பின்னால் சுவர். அந்தச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் கயிறு கட்டித் தொங்குகிறது ஒரு பழைய பட்டன் ஃபோன். சார்ஜர் வயர் எப்போதும் சொருகியே இருக்கும்போல. ஏழு, மூணு அதுதான். அங்கே ஓட்டும் டிரைவர்கள் எல்லாருடைய ஓ.டி.பி.யும் வந்து விழுவது அந்த ஒரே ஃபோனில்.

மேஜையில் இருந்த மேனேஜர், எல்லாரும் காகா என்று கூப்பிடும் பெரியவர், டிரைவருடைய ஓ.டி.பி.யை டிரைவரிடம்தான் தருவோம் என்றார். டிரைவர் உங்கள் வண்டியைத்தானே ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று என் திருவண்ணாமலை இந்தியில் சொன்னேன். அவர் டீயை சாஸரில் ஊற்றி ஆற்ற ஆரம்பித்தார். அவர் குடித்து முடிப்பதற்குள் அந்த ஓ.டி.பி. காலாவதி ஆகிவிட்டது.

"சேட் கல் ஆயேகா. கல் ஆனா."

நாளை முதலாளி வருவாராம், நாளை வரவேண்டுமாம். நாளைக்குத்தான் டெஸ்ட்.

கஸ்தூரி மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினாள். மராத்தியில் சொன்னாள்: "காகா, ஹா ஃபோன் துமச்சா ஆஹே. பண் மாஜா பாவூ துமச்சா நாஹீ."

இந்த ஃபோன் உங்களுடையது. என் அண்ணன் உங்களுடையவன் இல்லை.

சரோஜாக்கா வாடிக்கையாளர்களுக்கான நாற்காலியை இழுத்து வாசலுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவரைத் தாண்டாமல் இனி யாரும் டிக்கெட் வாங்க உள்ளே வர முடியாது.

"அரே பேட்டா, இத்னா குஸ்ஸா க்யோன்?" இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்டபடியே காகா எழுந்து ஃபோனைக் கழற்றினார். நான் மறுபடி ஓ.டி.பி. கேட்டேன். வந்தது. தானம் கொடுப்பவர் மாதிரி ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். கஸ்தூரியின் மொபைலில் ரெகவரி கீ திறந்தது. அவள் அதை இரண்டு தடவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாள்.

"நான் உதவிதானே செய்கிறேன்?" என்றார் காகா. நிஜமாகவே புண்பட்டிருந்தார். பொய்யில்லை. அந்த மெயிலைத் திறந்து கொடுத்தவரும் அவர்தான்.

என் கோபம் சரியாக அங்கேதான் இருக்கிறது. திட்டுவதற்கு ஒரு கெட்ட மனிதர் கிடைத்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். என் முதல் இமெயிலும் ஒரு பிரவுசிங் சென்டர் அண்ணன் திறந்து கொடுத்ததுதான். பாஸ்வேர்டை அவரே வைத்துக்கொண்டார். நீ மறந்துடுவே தம்பி என்றார். ரிசல்ட் பார்க்கக்கூட அவரிடம் போய் நின்றேன். எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாம் கிடைக்கிறது. லேப்டாப் கிடைக்கிறது, ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது. சாவி மட்டும் எப்போதும் வேறு யாரோ ஒரு நல்லவரின் பாக்கெட்டில் இருக்கிறது.

ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு பென் டிரைவ் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். கீயை நான் படிக்க, கஸ்தூரி தட்டினாள். விண்டோஸ் திறந்தது. ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது. முதல் வேலையாக அதைப் பென் டிரைவில் ஏற்றி அம்மாவிடம் கொடுத்தாள். சரோஜாக்கா அதை மணிபர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு பூட்டை எடுத்தோம், இடம் ஒதுக்கினோம், லினக்ஸ் போட்டோம். டிஸ்க் இப்போது சாதுவாகப் பாகம் பிரிந்தது. டெஸ்ட்டும் முடிந்தது, ப்ராஜெக்டும் போய்ச் சேர்ந்தது.

பாண்டியன் திங்கள் சாயங்காலம் வந்தார். தங்கை சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் தட்டில் சோறு போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டு வருஷமா வேற கம்பெனி வண்டிக்கு மாறணும்னு சொல்றியே, ஏன் மாறல?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மாறிட்டா அந்த ஃபோனு அங்கியே இருக்கும்ல. ஒவ்வொண்ணுத்துக்கும் அவங்க வாசல்ல போய் நிக்கணும்."

சரோஜாக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் பாண்டியன் லீவு போட்டார். மெயிலில் தன் சொந்த நம்பரை ஏற்றினார். மற்றதையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறார். ஏழு மூணுக்கு ஓ.டி.பி. போகும்போதெல்லாம் சரோஜாக்கா அந்த ஆபீஸுக்கு நேரில் போகிறார். இப்போது காகா டீயை ஆற்றுவதில்லையாம். கஸ்தூரி கையில் இருக்கும் சிம்மும் அண்ணன் பெயரில்தான் இருந்தது. அதை அவரிடமே நீட்டினாள். "ஆதார் எடுத்துக்கோ, சல், போலாம்" என்று அவரே கடைக்குக் கூட்டிப்போனார்.

கஸ்தூரி பெயரில் ஒரு புது சிம், முதல் ரீசார்ஜும் சேர்த்து: இருநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.