இருசம்மாள் கேங்கின் ரப்பர் பூட்ஸ்

எங்கள் ஆலைக்குக் கரும்பு வெட்டும் கேங்குகள் சங்கராபுரம் பக்கத்தில் மட்டும் பதினாலு இருக்கின்றன. அதில் பதிமூன்றைத் தூரத்தில் இருந்து பார்த்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது. பதினாலாவது மட்டும் எந்தக் கழனியில் நின்றாலும் தெரியும். முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ், கையில் தடித்த உறை, பொம்பளைகள் என்றால் புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை. அது இருசம்மாள் கேங்.

நான் ஆலையில் பீல்டுமேன். எந்தக் கழனியை என்றைக்கு வெட்டுவது என்று உத்தரவுச் சீட்டு கொடுப்பதும், வெட்டு ஒழுங்காக நடக்கிறதா என்று வரப்பில் நின்று பார்ப்பதும் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக வரப்பில் நிற்கிறேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. முதல் நாள் அந்த பூட்ஸைப் பார்த்து, "இன்னாம்மா, கரும்பு வெட்டப் போறியா, ஏரியில மீன் புடிக்கப் போறியா?" என்று கேட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் கேட்டது இன்னும் மோசம் என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

இருசம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. பதின்மூன்று வயதில் அம்மாவோடு சோகை, அதாவது கரும்பின் காய்ந்த தோகை, உரிக்க வந்தவள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் சுற்று வட்டாரத்தில் எந்தக் கழனியில் கல் அதிகம், எதில் மழைக்கு அப்புறம் கால் புதையும் என்று அவளைக் கேட்டால் போதும். அவள் வெட்டிய கரும்பின் அடிக்கட்டையைப் பார்த்தாலே தெரியும், மண்ணோடு மண்ணாக இருக்கும். கரும்பின் இனிப்பெல்லாம் அடியில்தான். அதனால் குனிந்து, காய்ந்த சோகைக்குள் காலை ஊன்றி, மண்ணை ஒட்டி வெட்ட வேண்டும். சோகைக்குள் எலி இருக்கும். எலி இருந்தால் அதைத் தேடி வருபவரும் இருப்பார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் தை மாதம், அவள் புருஷன் சின்னக்கண்ணுவை அப்படித்தான் கண்ணாடி விரியன் கடித்தது. கயிறு போட்டுக் காலை இறுக்கிக் கட்டியதிலும், மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடியதிலும் ஒன்றரை மணி நேரம் போனது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் அங்கே கிடந்த நாற்பது நாளும் இருசம்மாள் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதுக் கட்டடத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவைக்குள் நின்ற ஆட்கள் எல்லாரும் முழங்கால் உயரத்துக்கு ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். சோறு வாங்கப் போனவள் அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாத்துக்குப்பா இது?"

"சிமெண்டு காலைத் தின்னுடும்க்கா. தோலே உரிஞ்சி பூடும்."

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லையாம். "சிமெண்டுக்கு பயந்துக்கினு அம்மாம் ஒசரம் பூட்ஸு போட்றான். நாங்க இன்னாடான்னா விரியன் மேல வெறுங்காலு வெச்சிக்கினு கெடந்தோம். எனக்கு வந்த கோவத்துக்கு யார அடிக்கறதுன்னு தெரியல சாரு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அவள் கோபப்பட்டால் சும்மா இருக்க மாட்டாள். கள்ளக்குறிச்சிக்குப் போய் ஹார்டுவேர் கடையில் கேங்கில் உள்ள பதினொரு பேருக்கும் பூட்ஸும் கையுறையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். "கம்மல் எங்கடி?" என்று தெருவில் கேட்டவர்களிடம், "காதுல இருந்து காலுக்கு எறங்கிடுச்சி" என்றாள். பொம்பளை அளவில் கடையில் எதுவுமே இல்லை. இருந்ததை வாங்கி, உள்ளே பழைய துணியைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்கள். சின்னக்கண்ணு எல்லாவற்றையும் திண்ணைக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணு போதும், மிச்ச ஒண்ண ஒத்தக்கால் கொக்குக்குக் குடுத்துடு" என்றானாம். அந்தாளுக்குக் கால் போனாலும் நக்கல் போகவில்லை. இப்போது கேங்குக்கு அவன்தான் சமையல்.

பூட்ஸ் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பதினோரு மணி வெயிலில் ரப்பருக்குள் கால் வெந்தது. வேர்வை கோர்த்து, நடந்தால் சளக் சளக் என்று சத்தம். கேங்கிலேயே சின்ன வயசுக்காரன் வீரமணி, ஒல்லிக் காலன், அடிக்கடி அதைக் கழற்றி வரப்பில் வைத்துவிடுவான். அவனுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "அக்கா, இத போட்டுக்கினு எருமை மாதிரி நடக்க வேண்டிதாகீது, வேல கம்மியாவுது" என்பான். இருசம்மாள் வாதாட மாட்டாள். அவன் அரிவாளை வாங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொள்வாள். பூட்ஸ் காலில் ஏறினால்தான் அரிவாள் கைக்குத் திரும்பும்.

இப்படி ஒரு வாரம் போனது. அப்புறம்தான் தெய்வசிகாமணி கழனி வந்தது.

மலைக்குப் போகிற சாலையில் அவருக்கு நாலு ஏக்கர் கரும்பு. கையால் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் கழனியில் இறங்க மாட்டார். செருப்பை வரப்பிலேயே விட்டுவிடுவார். எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். சோறு போடும் மண், செருப்போடு மிதிக்கக் கூடாது. யார் எதிரில் யார் செருப்பைக் கழற்றி நின்றார்கள் என்கிற பழைய கதையும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

வெட்டு ஆரம்பிக்கும் முன்பு சனி மூலையில் கற்பூரம் ஏற்றி அரிவாளை எல்லாம் வைத்துக் கும்பிடுவது வழக்கம். கும்பிட்டு முடித்துத் திரும்பியவர் கண்ணில் இருபத்திரண்டு பூட்ஸ் பட்டது.

"இருசம்மா, இன்னா இது? எங்கப்பா காலத்துல இருந்து இந்தக் கழனில செருப்பு ஏறினதில்ல. கழட்டிட்டு எறங்குங்க. இல்லன்னா வேற கேங்கு பாத்துக்கறேன்."

வேறு கேங் ரெடியாக இருந்தது. அவர் வேண்டாம் என்றால் அவர் சொந்தக்காரர்கள் கழனியும் போய்விடும். அந்த வருஷத்தின் பாதி வேலை அது. வீரமணி சந்தோஷமாக ஒரு காலைக் கழற்றிவிட்டான். நானும் என் பங்குக்கு, "பெரியவரு சொல்றாரு, கழட்டிடும்மா" என்றேன்.

இருசம்மாள் என் காலைப் பார்த்தாள். நான் ஷூ போட்டிருந்தேன்.

"வரப்போட நிக்கிற சாருக்கு ஷூவு. உள்ள பூர்ற எங்களுக்கு வெறுங்காலு. நல்லா கீதுங்க நாயம்" என்றாள். நான் உத்தரவுச் சீட்டைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்புறம் அவரிடம் திரும்பினாள். "ஐயா, பூமாதேவிக்கு எனக்கும் பயம் கீதுங்க. ஆனா கரும்பு ஏத்த டிராக்டரு உள்ள வருதே, அது டயர கழட்டி வெச்சிட்டா வருது? அதுவும் ரப்பரு, இதுவும் ரப்பரு. அம்மாம் பெரிய டிராக்டரு ஏறுனா வலிக்காத தாய்க்கு, நான் ஏறுனா வலிக்குமா?"

"டிராக்டருக்குப் பூசை போட்டிருக்குது" என்றார் தெய்வசிகாமணி. வேறு என்ன சொல்வார் பாவம்.

"அப்ப இதுக்கும் போட்டுடலாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனால் அவர் மனைவி விஜயலட்சுமி சிரிக்கவில்லை. பூசைக் கூடையில் இருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து இருசம்மாளின் பூட்ஸுக்கு முன்னால் உருட்டிவிட்டார். "நசுக்கிட்டு எறங்குடி. அவ புருஷன் காலு போனது ஊருக்கே தெரியும். நீங்க கம்முனு இருங்க" என்று கணவரையும் ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்காரி சொன்ன பிறகு அந்த மனுஷன் என்ன செய்வார்?

ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "சரி. சாயங்காலத்துக்குள்ள லாரி ரொம்பணும். ரொம்பலன்னா நாளைக்கி வெறுங்காலு. இல்லன்னா வர வேணாம்."

அன்றைக்கு அவர்கள் வெட்டின வெட்டை நான் மறக்க மாட்டேன். கஞ்சி குடிக்கக் கூட நின்றபடிதான் குடித்தார்கள். வேர்வை தேங்கினால் பூட்ஸைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடி போட்டார்கள். கழற்ற வேண்டும் என்று காலையில் குதித்த வீரமணி கூட வாயைத் திறக்கவில்லை. இருசம்மாள் அக்கா தோற்றுவிடக் கூடாது என்று அவனுக்கும் ரோசம் வந்துவிட்டது.

மூன்று மணிக்கு, தனி வரப்பு கட்டிய அன்றைய பங்கில் நாலு சால், நாலே வரிசைக் கரும்புதான் மிச்சம். அதுதான் பொல்லாத இடம். வெட்ட வெட்ட எலியும் பாம்பும் நிற்கிற கரும்புக்குள் ஒதுங்கிக்கொண்டே போகும். கடைசிச் சால்களில் எல்லாம் ஒன்றாகக் கூடியிருக்கும். வீரமணி அதில் காலை வைத்தான்.

குக்கர் விசில் போல ஒரு சீறல். அவன் "அக்கா!" என்று கத்திக்கொண்டு மல்லாக்க விழுந்தான். தடிமனான ஒரு விரியன் அவன் கணுக்கால் பக்கமிருந்து உருவிக்கொண்டு வெட்டிப் போட்ட சோகைக்குள் புகுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இருசம்மாள் பாய்ந்து வந்து அவன் காலைத் தன் மடியில் போட்டாள். ரப்பரில் இரண்டு குத்து, அதிலிருந்து மஞ்சளாக ஏதோ வழிந்திருந்தது. அவள் முகம் செத்துப்போன மாதிரி ஆனது. பூட்ஸைப் பிடுங்கினாள். சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். பாதம், குதிகால், கணுக்கால், விரலிடுக்கு என்று ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் விட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பூட்ஸுக்குள் உறை போட்ட கையை விட்டுத் தடவினாள். ஒல்லிக் காலுக்குப் பெரிய பூட்ஸ். பல் ரப்பரோடு நின்றுபோயிருந்தது.

"ஒண்ணும் இல்ல!" என்று அவள் கத்தினாள். "டேய், ஒண்ணும் இல்லடா! உள்ள போவலடா!"

எல்லாரும் கையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போதுதான் கழனி நடுவிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. கட்டை மட்டமாக வெட்டியிருக்கிறதா என்று பார்க்க இறங்கிய தெய்வசிகாமணி, முழங்கால் ஆழ சோகைக்கு நடுவில் வெறுங்காலோடு நின்றார். பாம்பு புகுந்தது அந்தப் பக்கம்தான். ஒரு காலைத் தூக்கியவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"இருசம்மா..." என்றார்.

இருசம்மாள் சோகையை பூட்ஸால் மிதித்து விலக்கிக்கொண்டே அவரிடம் போனாள். கையை நீட்டினாள். ஒரு நொடி அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. நான் மெறிச்ச எடத்துல மெறிச்சிக்கினு வாங்க."

அவள் முன்னால், அவர் பின்னால். அவள் பூட்ஸ் பதிந்த ஒவ்வொரு தடத்திலும் தன் காலை வைத்து வைத்து, நாலு ஏக்கர்க்காரர் வரப்பேறினார். மேலே வந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். லாரியைப் பார்க்கவே இல்லை.

"நாளைக்கி எத்தினி மணிக்கு வரீங்கம்மா?"

"ஆறு மணிக்குங்க."

"போட்டுக்கினே வாங்க" என்றார்.

லாரி நிரம்பித்தான் போனது. அதற்கு முன்பே, எதற்கும் இருக்கட்டும் என்று நான் வீரமணியை பைக்கில் வைத்து சங்கராபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் காலைப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, விளக்கு வைக்கும் வரை உட்காரவைத்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார். தெருமுனையில் கேங் மொத்தமும் காத்திருந்தது. சின்னக்கண்ணு கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு முன்னால் நின்றான்.

"வூட்டாண்ட வுட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணா சார், நடந்தே போறேன்" என்று இறங்கினான் வீரமணி.

அவன் பெண்டாட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் அவளை நோக்கி நடந்தான். இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். ஒரு மனுஷன் நடப்பதை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். தெருவின் அந்தக் கோடி வரைக்கும் தன் இரண்டு காலாலும் வீரமணி நடந்து போனான்.