மதினி ஒட்டிய கிளிகள்

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் நான் டிசைனராக இருந்தேன். டிசைனர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். காலண்டரில் முருகனின் மயில் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீலமாக்குவது, பட்டாசு லேபிளில் சிரிக்கும் குழந்தையின் கன்னத்தை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்குவது, இவ்வளவுதான். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "பளபளப்பு பத்தலையேம்மா" என்பார். கூட்டுவேன். "இப்பக் கண்ணு கூசுதே" என்பார். முதலில் செய்ததையே திரும்ப எடுத்துக் காட்டுவேன். "இதத்தான நான் அப்பவே சொன்னேன்" என்று திருப்தியாகப் போய்விடுவார். கல்லூரியில் ஓவியம் படித்ததில் எனக்குக் கடைசிவரை கைகொடுத்தது இந்த ஒரு வித்தைதான்.

காலண்டர் சீசன் முடிந்து மூச்சுவிட்ட தை மாதத்தில், மதுரையிலிருந்து கல்லூரித் தோழி போன் செய்தாள். பங்குனியில் ஒரு கண்காட்சி. காகிதம், துணி, சாயம், சாக்கு என்று பலதையும் கலந்து ஒட்டிச் செய்யும் படைப்புகள் மட்டும். "உனக்குன்னே வச்ச மாதிரி இருக்குடி. ஒண்ணு குடு" என்றாள். சரி என்றேன். சரி சொல்வதற்குப் பெரிய சக்தி எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு பெரிய பிளைவுட் பலகை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன். பிறகு பொருள் சேர்க்க ஆரம்பித்தேன். அதில் மட்டும் எனக்கு அசதியே வந்ததில்லை. அச்சகத்தில் நிறம் விலகி வீணாய்ப்போன லேபிள் தாள்கள், ஜிகினாக் காகிதம், சணல், மருந்து முக்காத தீக்குச்சிகள் என்று சாக்குச் சாக்காக வந்தது. சேர்த்துக்கொண்டிருக்கும்வரை நான் ஒரு கலைஞர் என்பதில் எனக்கே சந்தேகம் இல்லை. லாரி செட்டில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், வாசலில் இன்னொரு சாக்கைப் பார்த்ததும், "இது வீடா, குடோனா?" என்றார்.

"இதெல்லாம் படம் செய்யறதுக்கு."

"லோடு எறங்கிக்கிட்டே இருக்கு. சரக்கு எப்பக் கெளம்பும்?"

அதைத்தான் நானும் பலகையிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்து அதன் எதிரே உட்கார்ந்தால், எந்த நிறத்தை எடுத்தாலும் பின்னாலிருந்து முதலாளி "பத்தலையேம்மா" என்றார். கை எழவில்லை. டீ ஆறியது. டிவியில் தொடர் ஆரம்பித்தது. எழுந்து போனேன்.

தோழியிடம் புலம்பினேன். அவள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். படைப்புச் சக்தி வற்றியவர்களுக்கான யோசனைகளாம். இயற்கையோடு நடக்கச் சொன்னது. நடந்தேன். சீமைக் கருவேலமும், காகித லோடு ஏற்றிப்போன லாரியும், அது கிளப்பிய புழுதியும் கிடைத்தன. காலையில் விழித்ததும் மனதில் தோன்றுவதைக் கவனிக்கச் சொன்னது. மாவு புளித்திருக்குமா என்று தோன்றியது. உள்ளே இருக்கும் குழந்தையைத் தட்டி எழுப்பச் சொன்னது. அதுவாவது தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மதினி வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவர். சாத்தூரில் பஸ் படியிலிருந்து தவறி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று எங்கள் வீட்டில் தங்கினார். மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, என் பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்தா, அந்தப் பலகையில உனக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல மதினி. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நேத்தும் அதத்தான யோசிச்ச?"

முதலாளிக்காவது ஆபீஸ் நேரம் என்று ஒன்று உண்டு.

ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தேன். பலகை முழுக்கக் கிளிகள். மத்தாப்புப் பெட்டி லேபிளில் வரும் பச்சைக் கிளி. நிறம் விலகிய தாள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூக்கு. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கோணல் இல்லை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றன.

"என்ன மதினி பண்ணி வச்சிருக்கீக?"

"சும்மாதான கெடந்துச்சு. நீயும் அதப் பாத்துக்கிட்டே இருக்க. எனக்குப் பாவமா இருந்துச்சு."

"பசை ஏது?"

"தம்பிதான் மைதா காச்சிக் குடுத்தான். கரப்பான் திங்காம இருக்கத் துத்தமும் போட்டிருக்கோம்."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் பால்கூடக் காய்ச்சியிராத அந்தத் தம்பி, மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நேரே போய் ஒரு கிளியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். முழுதாக வரவில்லை. உடம்பு கையோடு வந்தது, மூக்குகள் பலகையிலேயே தங்கின. அடுத்ததை இழுத்தேன். அதற்கடுத்ததை நனைத்துச் சுரண்டினேன். கோபம் தணிந்தபோது நடுப்பகுதி முழுவதும் புண்ணாகிக் கிடந்தது. அன்று சமைக்கவில்லை. ஓட்டலிலிருந்து புரோட்டா வந்தது. புரோட்டாவைத் தின்றுகொண்டே பலகையைப் பார்த்தேன். பலகை வாங்கியதிலிருந்து முதல்முறையாக, அடுத்து அதில் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் வந்து பார்த்தால், கிழித்த இடங்களில் புதுக் கிளிகள்.

"ஓட்டை ஓட்டையா இருந்துச்சேத்தா" என்றார் மதினி.

அவற்றின் மேல் சாக்குத் துணியை ஒட்டினேன். அவர் சாக்கின் பிசிறுகளைக் கத்தரித்து நேராக்கினார். தீக்குச்சிகளைக் கன்னாபின்னாவென்று பதித்தேன். பசை காய்வதற்குள் வரிசைப்படுத்திவிட்டார். மை பூசினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அவர் தேய்ந்த இடம் பார்த்து ஜிகினா வைத்தார். மணி அடித்ததும் அச்சகத்தில் முதல் ஆளாகச் செருப்பு மாட்டினேன். நான் இல்லாத நேரத்தில் என்ன அக்கிரமம் நடந்திருக்குமோ என்ற பதற்றம்தான். நாத்தனாரைக் கூட்டி வந்து எதிரே உட்கார வையுங்கள் என்று அந்த மின்னஞ்சலில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

ஒரு நாள் காய்ச்சலோடு வந்து பாயில் சுருண்டுவிட்டேன். இரண்டு நாள் எதையும் தொடவில்லை. பலகையிலும் புதிதாக ஒரு கிளி ஏறவில்லை.

"ஏன் மதினி, நீங்களும் ஒட்டலையா?"

"நீ கிளிச்சாத்தான நான் ஒட்ட முடியும்?" என்றார். அவர் வாயில் கிழிப்பதும் கிளிதான். காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கம்பெனியில எம்புட்டோ ஒட்டியாச்சு. அம்புட்டையும் பிச்சுப் போட்டுட்டுத்தான் வெடிய எடுக்காக. ஒரு ஆளு நின்னு பாத்திருப்பானா? இதாச்சும் வீட்டுச் சுவத்துல நிக்கட்டுமேன்னு ஒட்டுனேன். நீ வந்து கிளிக்க."

அதுவரை என் கண்ணுக்கு அவை வெறும் தொல்லையாகத்தான் இருந்தன.

"எதை விட்டு வைக்கணும்னு சொல்லுங்க. அதத் தொடமாட்டேன்" என்றேன்.

அவர் பலகையை மேலிருந்து கீழ்வரை கண்ணால் அளந்தார். எல்லாமே நிற்கட்டும் என்பார் என்று பயந்தேன். கீழ் மூலையில் ஒன்றே ஒன்றைக் காட்டினார். அதற்கு மட்டும் ஒரே மூக்கு. சரியாக அச்சான தாள் ஒன்று எப்படியோ கழிவில் கலந்திருக்கிறது.

கண்காட்சிக்கு முன்பு தோழி தலைப்புக் கேட்டாள். மதினியிடம் திரும்பி, "பேரு என்ன வைக்க?" என்றேன். "கிளின்னு போடு" என்றார். கிளியா, கிழியா என்று நான் விளக்கம் கேட்கவில்லை. இரண்டும் பொருத்தம்தான். அட்டையில் 'கிளி' என்றும், அதன் கீழே எங்கள் இருவர் பெயரும் வந்தன.

மாவுக்கட்டு பிரித்திருந்ததால் மதினியும் மதுரைக்கு வந்தார். சிறப்பு விருந்தினர் எங்கள் பலகை முன் நின்று மோவாயைத் தடவினார். வரிசையாக நிற்கும் கிளிகள் ஆலை ஒழுங்கின் குறியீடு என்றார். கிழிசல்கள் அதற்கு எதிரான கலைஞனின் கலகம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மதினி என் காதருகே, ஆனால் ஹால் முழுக்கக் கேட்கும்படி, "எம்மேல உள்ள கோவத்துலதான கிளிச்ச? அவுக வேற என்னமோ சொல்லுதாக?" என்றார்.

"சும்மா இருங்க மதினி."

"சரி, உக்கார ஒரு சேரு போடச் சொல்லு. காலு கடுக்கு."

நாற்காலி வந்தது. அன்று முழுக்கப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் மூலைக் கிளியைக் காட்டிக்கொண்டிருந்தார். நின்று பார்த்தார்கள். அவரும் அவர்கள் பார்ப்பதைப் பார்த்தார்.

பங்குனி முடிந்ததும் மதினி எம். புதுப்பட்டிக்குத் திரும்பி வேலைக்குப் போகத் தொடங்கினார். பலகையையும் கையோடு கொண்டுபோய்விட்டார். எனக்குள் ஊற்று ஒன்றும் பெருகிவிடவில்லை. முதலாளிக்குப் பளபளப்பு இன்னமும் பத்தவில்லை. அடுத்த பலகை வாங்கிச் சாய்த்தேன். சில வாரம் ஒரு விரல் அகலத் துண்டு ஒட்டுவேன், சில வாரம் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதினி போன் செய்வார்.

"ஏதாச்சும் ஒட்டுனியாத்தா?"

"இன்னும் இல்ல மதினி."

"நான் வேணா கெளம்பி வரட்டா?"

"வேண்டாம் மதினி" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு பசையைக் கிண்டப் போவேன்.