ஓராளுக்குச் சோறு

பதினெட்டு வயதானால் சிறுவர் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். எனக்கும் பதினெட்டு ஆனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன். ஏசி திருத்தும் பயிற்சியில் ஓர் இடம், மருதனார்மடத்தில் ஓர் அறை, ஒரு வருடத்துக்கு அதற்கு வாடகை என்று அரசாங்கம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதைப் பற்றி எனக்கு ஒரு தலைக்கனமும் உண்டு.

நிபந்தனை இரண்டு. அறையில் வேறு யாரையும் தங்கவைக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து நன்னடத்தை உத்தியோகத்தர் அம்மா வந்து, நான் தனியாகச் சமாளிக்கிறேனா என்று பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் வேறு மாவட்டத்து விடுதிதான். பயிற்சி அரைகுறையில் போய்விடும்.

அந்த மூன்று மாதமும் அடுப்பே மூட்டாமல், கடையில் வாங்கிய பாணும் சம்பலுமாக ஓட்டியிருந்தேன். அதை அவரிடம் காட்ட முடியுமா? அவர் வருகிற அன்று காலையில் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயும் பூசணிக்காயும் வாங்கினேன். வீட்டுக்கார அன்ரியிடம் பானை ஒன்று கேட்டு வாங்கினேன். சமையல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இல்லத்தில் முறை வைத்து நாற்பது பேருக்குச் சமைத்த கை இது. ஒருத்திக்குத்தானே என்று அரிசியைக் குறைத்தேன். கண்ணுக்குப் போதாது போலிருந்தது, ஒரு பிடி சேர்த்தேன். பிறகு இன்னொன்று. கை கேட்கவில்லை.

சோறு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம் பார்த்து உத்தியோகத்தர் அம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். நேரே பானையைப் பார்த்தார்.

"பிள்ளை, இஞ்சை எத்தினை பேர் இருக்கிறியள்?"

"நான் மட்டுந்தான் மிஸ்."

"உது பத்துப் பேர் தின்னுற சோறு. உள்ளதைச் சொல்லு. இல்லத்துப் பிள்ளையள் ஆரையும் வைச்சிருக்கிறியோ?"

கேட்டதோடு விடாமல் கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு நாப்பது பேருக்குத்தான் மிஸ் சமைக்கத் தெரியும். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி எண்டு ஒருத்தரும் எனக்குக் காட்டித் தரேல்லை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சமாளிக்கத் தெரியாது என்று நானே வாக்குமூலம் கொடுத்தாயிற்று.

அவர் கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கும் போடு, பசிக்குது" என்றார். இரண்டாவது தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கத்தரிக்காயில் உப்புக் குறைவு என்றும் சொன்னார். கை கழுவிவிட்டுத்தான் படிவத்தை எடுத்தார்.

"தனிய இருக்க ஏலுமோ உனக்கு?"

ஓம் என்று மட்டும் சொல்வதற்குத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன்.

"ஏலும் மிஸ். ஆனா விருப்பமில்லை."

அவருடைய பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"விருப்பத்தை எழுத இதிலை இடமில்லை பிள்ளை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "முடியும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

நான் வேண்டிக்கொண்ட பதில்தான். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.