பிடி என்றால் விடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். பொய். மூக்கு வரை வர அதற்குப் பொறுமை கிடையாது. ஒக்கலிபுரத்தில் பெண்கள் கபடி அணியில் எட்டு வருஷம் கார்னரில் நின்று, ஏறி வந்தவர்களின் கால்களைப் பிடித்துக் கவிழ்த்தவள் நான். வைட்ஃபீல்டில் ஆபீஸ் வேலை கிடைத்த பிறகு, ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் டச் ரக்பி அணியில் சேர்ந்தேன். அதில் யாரையும் பிடிக்கக் கூடாது. பந்து வைத்திருப்பவரைக் கையால் தொட்டால் போதும். ஆறு தடவை தொட்டுவிட்டால் பந்து நமக்கு. முதலில் எனக்கு இது கேலிக்கூத்தாகத்தான் தெரிந்தது.

போகப் போகத்தான் அதன் வெறி புரிந்தது. ஒவ்வொரு தொடுதலுக்கும் பிறகு ஏழு மீட்டர் பின்னால் ஓட வேண்டும். பந்து அசைந்ததும் எல்லோரும் ஒரே வரிசையாக முன்னால் பாய வேண்டும். எதிராளியின் கண்ணைப் பார்க்கக் கூடாது, கண் புளுகும். இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு திரும்பினால் ஆள் அந்தப் பக்கம் போவான். தோள் மட்டும் திரும்பினால் பந்தைக் கைமாற்றப் போகிறான். இதில் நான் கெட்டிக்காரி. தொடுவதில்தான் வில்லங்கம். நான் தொட்டால் அறை விழும். இரண்டு பேருக்கு விலா வீங்கியது, ஒருத்திக்கு உதடு கிழிந்தது. இன்னொரு தடவை நடந்தால் அணியில் இடமில்லை என்று கேப்டன் சொல்லிவிட்டார். வாரம் முழுக்க ஆபீஸில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவளுக்கு, ஞாயிறு காலை ஒரு மணி நேரம்தான் மூச்சு. அது போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

கேப்டன் கன்னடக்காரர், என்னைவிடச் சின்னவர். பேச்செல்லாம் இங்கிலீஷ், ஆட்டத்தின் சூட்டில் மட்டும் கன்னடம் வந்துவிடும், அதுவும் மரியாதையோடு. 'விட்டுவிடுங்கள்' என்பதற்குக் கன்னடத்தில் 'பிடி'. நம்முடைய 'பிடி'க்கும் அதற்கும் முதல் எழுத்தை அழுத்துகிற வித்தியாசம்தான். தமிழில் எழுதினால் அதுவும் இல்லை.

அந்த ஞாயிறு எதிரணியில் ஓரத்தில் ஓடுகிற ஒருவன் என் பக்கமே வந்துகொண்டிருந்தான். "லேடீஸ் சைடு ஃப்ரீ" என்று தன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தான். ஒருமுறை நான் தொட்டதும், கையைத் தேய்த்துக்கொண்டு வலிப்பதுபோல் நடித்தான்.

ஐந்தாம் தடவை நேராக என் மேல் ஓடி வந்தான். பக்கத்தில் வந்ததும் தோள் திரும்பியது, பந்து இன்னொருவன் கைக்குப் போய்விட்டது. பின்னாலிருந்து கேப்டன் "பிடி, பிடி" என்று கத்தினார்.

நான் பிடித்தேன். இரண்டு முட்டிகளையும் சேர்த்து வளைத்து, வயிற்றில் தோளைக் கொடுத்து, தூக்கி அடித்தேன். மழையில்லாமல் தரை சிமெண்டாகக் கிடந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கழுத்துக்குக் கீழே காறை எலும்பு தோலை முட்டிக்கொண்டு நின்றது. அவன் வாயெல்லாம் மண்ணோடு ஊளையிட்டான். எனக்கு இனித்தது. அதை மறைத்தால் இதை எழுதவே வேண்டாம்.

அவன் ஆட்கள் என்னைச் சூழ்ந்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான், அவன் வாயில் முழங்கையை விட்டேன். பல்லில் பட்டு என் கையிலும் ரத்தம். கேப்டன் நடுவில் விழுந்து, "தப்பு நந்து ரீ", தப்பு என்னுடையது என்று கும்பிட்டார். அவங்க தமிழ்க்காரங்க, தான் விடச் சொன்னது அவங்களுக்குப் பிடிக்கச் சொன்னதாகக் கேட்டுவிட்டது என்று எல்லோருக்கும் விளக்கினார். யாரோ சிரித்துவிட, கோபம் தணிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் இடம் பிழைத்தது.

இரண்டு நாள் கழித்து, கேப்டனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு முறிந்தவனுக்குக் கையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டான். "அக்கா, நீங்க எந்த ஏரியா?"

"ஒக்கலிபுரம்."

"நான் சிவாஜிநகர். பொறந்ததே இந்த ஊர்லதானா?"

"ஆமாம்பா."

"அப்போ கன்னடம் தண்ணி பட்ட பாடு. பந்து வேற என் கையில இல்ல. அதுவும் உங்களுக்குத் தெரியும்."

தமிழ் புரியாத கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். அவன் வலியில் ஏதோ உளறுகிறான் என்று சொல்லியிருக்கலாம். முதல் தடவையாக அவரிடம் கன்னடத்தில் பேசினேன். "நீவு ஹேளித்து சரியாகே கேளிஸ்து. நானே பிடலில்லா." நீங்கள் சொன்னது சரியாகத்தான் கேட்டது, நான்தான் விடவில்லை.

கேப்டன் எழுந்து வெளியே போனார். கட்டிலில் கிடந்தவன் கண்ணை மூடிக்கொண்டு, "இது போதும்க்கா, கிளம்புங்க" என்றான். அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கான பட்டியல் போனில் வந்தது. நான் அதில் இல்லை.